ஐந்தருவியை மறுத்தவன்

வக்கீலுக்கு ஓய்வு கொடுத்து யாரும் உத்தரவு போடுவதில்லை. கட்சிக்காரர் வருவது நின்றால் அதுதான் ஓய்வு. எனக்கு அது வந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஆனாலும் பழக்கத்தில் வாரம் ஒருநாள் தென்காசி கோர்ட்டுப் பக்கம் வந்து, டீ குடித்துவிட்டுப் போகிறேன். புதிதாகக் கறுப்புக் கோட்டு போட்ட நீங்கள் என்னைப் பார்த்ததும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு, "சார், அந்த ஐந்தருவி கேஸ் நீங்கதானே?" என்று கேட்கிறீர்கள். கேட்டுவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு நகர்கிறீர்கள். எனக்குக் கண் கொஞ்சம் மங்கல்தான், காது நன்றாகவே கேட்கிறது.

நான்தான். ஆனால் உங்களுக்குத் தெரிந்தது பாதி, அதுவும் தப்பு. டீக்கடையில் சொல்லிச் சொல்லி, நான் அருவியில் குளித்துக்கொண்டே வாதாடினேன் என்கிற வரைக்கும் போய்விட்டது. ஆகவே முழுசாக நானே சொல்லிவிடுகிறேன். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்துக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. பாதி வழியில் உங்களைப் பார்த்தும் சிரிப்பேன், அதற்கும் தயாராக இருங்கள்.

முப்பிடாதி என்று ஓர் அம்மா. குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற வழியில் பழக்கடை வைத்திருந்தவர். மங்குஸ்தான், ரம்புட்டான் வாங்கிப் போனவர்கள் ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் போன் போட்டு, "எக்கா, தண்ணி விழுதா? கிளம்பி வரலாமா?" என்று கேட்பார்களாம். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், ஒருநாள் கைப்பேசியில் அருவியைப் படம்பிடித்து இணையத்தில் போட்டுவிட்டார். அன்றிலிருந்து தினமும் காலையில் அதே வேலை. அருவிக்கு முன்னால் நின்று, "இன்னைக்குத் தண்ணி நல்லா விழுது, வாங்க" என்பார். இல்லாவிட்டால், "நூலு மாதிரி விழுது, வந்து ஏமாறாதிய" என்பார். சாரல் காலத்தில் மதுரையிலும் திருவனந்தபுரத்திலும் ஜனங்கள் பல் தேய்ப்பதற்கு முன்னால் இந்த அம்மாவின் சேனலைத்தான் பார்த்தார்கள். பழக்கடையைத் தங்கச்சியிடம் விட்டுவிட்டு இதையே பிழைப்பாக வைத்துக்கொண்டார். லாட்ஜ்காரர்கள் இவரைக் கேட்டுத்தான் அறைக்கு ஆள் சேர்த்தார்கள்.

ஒரு சாரல் காலத்தில், ஆனி மாதக் கடைசி, குடையோடு என் அலுவலகத்துக்கு வந்தார். குடையை மடக்கக்கூட இல்லை.

"அண்ணாச்சி, என் வீடியோவத் திருடுனவன் என்னயத் திருடிங்கான். இதுக்குச் சட்டம் உண்டா இல்லியா?"

விஷயம் இதுதான். பெருநகரத்தில் ஒரு கம்பெனி. சுற்றுலாப் படம் போடுவது அவர்கள் தொழில். இந்த அம்மா முந்தின வருஷம் போட்ட வீடியோக்களை இறக்கி, அவர் குரலை எடுத்துவிட்டு, புல்லாங்குழல் சத்தம் சேர்த்து, மூலையில் தங்கள் முத்திரையைக் குத்தி, தங்கள் படம் என்று போட்டிருக்கிறார்கள். அதோடு விட்டார்களா? அந்த வீடியோ தளத்தில், "இவை எங்கள் பதிப்புரிமைக்கு உட்பட்டவை" என்று பதிவும் செய்துவிட்டார்கள். தளத்தில் உட்கார்ந்திருப்பது இயந்திரம். அது ஒப்பிட்டுப் பார்த்தது, இரண்டும் ஒன்று என்று கண்டுபிடித்தது, பதிவு செய்யாத முப்பிடாதியைத் திருடி என்று முடிவு கட்டியது. மூன்று வீடியோவுக்கு மூன்று குற்றம். மூன்று சேர்ந்தால் சேனலையே அழித்துவிடுவார்கள். பதில் சொல்ல ஏழு நாள்.

"ஏழு நாளுல ஆறு வருஷத்த அழிச்சுருவானுவளாம்" என்றார் அந்த அம்மா. "சேனலு போனாக்கூட நான் பழத்த வித்துப் பொழைச்சுக்கிடுவேன் அண்ணாச்சி. லாட்ஜுக்காரனுவ இப்பமே ஒரு மாதிரிப் பாக்கானுவ. திருடிங்குற பேரோட அருவிக்கரையில எப்படி நிக்கது?"

நான் என்ன செய்தேன் தெரியுமா? "எம்மா, ஏழு நாளு இருக்குல்லா, பாத்துக்கிடலாம்" என்றேன். ஏழு நாள் என்பது நமக்கு ஒரு கணக்கா? நாம் ஏழு வருஷ வழக்கையே இளம் வழக்கு என்கிற ஆட்கள். நாலு நாள் அவர் கொடுத்துவிட்டுப் போன நோட்டீஸ் காகிதத்தை நான் தொடவே இல்லை. ஒரு பாகப்பிரிவினை வழக்கில் வாதம் இருந்தது. நேரம் போதாவிட்டால் பெஞ்ச் கிளார்க்கிடம் ஒரு வார்த்தை சொல்லி வாய்தா வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் மனசுக்குள் ஒரு நினைப்பு. அங்கே பெஞ்சும் கிடையாது, கிளார்க்கும் கிடையாது என்பது ஐந்தாம் நாள்தான் உறைத்தது.

ஐந்தாம் நாள் உட்கார்ந்து எழுதினேன். இங்கேதான் என் சீனியரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவரிடம் சேர்ந்த முதல் வருஷம், இலஞ்சியில் ஒரு தென்னந்தோப்பு வரப்பு வழக்கு. எதிராளி தன் மனுவில், "இந்த வழியாகத்தான் நான் நெடுநாளாக நடந்து வருகிறேன்" என்று ஒரு வரி எழுதியிருந்தான். நான் மற்றதையெல்லாம் மறுத்துவிட்டு அந்த ஒரு வரியைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். மறுக்காததெல்லாம் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பது நம் தொழிலின் முதல் பாடம். கட்சிக்காரர் தன் தோப்பில் எதிராளிக்கு வழி விட வேண்டியதாயிற்று. சீனியர் என்னைக் கூப்பிட்டு, "ஏலே, அவன் உன் பேரு இன்னதுன்னு எழுதியிருந்தாலும் மொதல்ல மறு. பெறகு உக்காந்து யோசி" என்றார். பெரிய மூளைக்காரர். அவர் கையால் எழுதிய எதிருரைகளை இன்றைக்கும் ஆட்கள் நகலெடுத்து வைத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து நான் மறுப்பில் புலி. எதிராளி காகிதத்தில் காற்புள்ளி இருந்தால் அதையும் மறுப்பேன்.

அந்தப் புலிதான் உட்கார்ந்து எழுதியது. தளம் கேட்டிருந்தது ஒரு சின்னக் கட்டத்தில் இரண்டு வரி: இது உங்கள் படைப்பா, எப்படி? முப்பிடாதி சொன்னதை அப்படியே எழுதியிருந்தால் போதும். "நான்தான் படம்பிடித்தேன். அவர்களுக்கு ஒரு வருஷம் முந்தியே போட்டேன்." முடிந்தது. நான் எழுதியது பதினான்கு பக்கம். அதில் இரண்டாவது பத்தியை வாசிக்கிறேன், இப்போது சிரிக்கலாம்:

"குற்றாலத்தில் ஐந்தருவி என்ற பெயரில் ஓர் அருவி உள்ளது என்பதும், மேற்படி அருவியில் மேற்படி தேதியில் தண்ணீர் விழுந்தது என்பதும், அதை எவரேனும் படம்பிடித்தார்கள் என்பதும், அந்தப் படத்தை என் கட்சிக்காரர் தன் சேனலில் பதிவேற்றினார் என்பதும் முற்றிலும் மறுக்கப்படுகின்றன. அவற்றை எதிர்த்தரப்பினர் தக்க சாட்சியங்கொண்டு கண்டிப்பாக ருசுப்படுத்த வேண்டும்."

இதை நான் யோசித்து எழுதவில்லை. விரல் எழுதியது. குமாஸ்தா தட்டச்சு செய்யும்போது ஒரு நிமிஷம் நிறுத்தி, "சார், அருவி இல்லன்னு சொல்லுதமா?" என்று கேட்டார். "நீரு அடியும்வே, அது சம்பிரதாயம்" என்றேன். முப்பிடாதி ஆறாம் நாள் காலையில் வந்து, நான் காட்டின பதினான்கு இடத்திலும் கையெழுத்துப் போட்டார். அதைத் தளத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். அதோடு திருப்தியாகாமல் ஒப்புகை அட்டை வைத்துப் பதிவுத் தபாலிலும் அனுப்பினேன். இயந்திரம் கையெழுத்துப் போட்டு அட்டையைத் திருப்பி அனுப்பும் என்று நினைத்திருப்பேன் போலிருக்கிறது.

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. "இந்தக் காணொளி உங்களுடையது என்று உங்கள் பதிலில் எங்கும் சொல்லப்படவில்லை. ஏற்க இயலாது." மறுநாள் சேனல் இல்லை. ஆறு வருஷக் காலை நேரங்கள் மொத்தமும் போய்விட்டன. அந்த அம்மா போன் போட்டு அழுதார். என் தொழிலில் கட்சிக்காரர்கள் அழுது நிறையக் கேட்டிருக்கிறேன். எதிராளியால் அழுவார்கள், விதியால் அழுவார்கள். என்னால் அழுதவர் இவர்தான்.

இந்த இடத்தில் உங்களை நிறுத்திவைத்து ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் என்னைவிட யோக்கியர்கள் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். போன மாதம் உங்களில் ஒருவர், பெயர் சொல்லமாட்டேன், கட்சிக்காரரின் இலச்சினையை, அதாவது லோகோவை, திருடிவிட்டார்கள் என்று ஒரு நோட்டீஸ் அனுப்பினார். அந்த நோட்டீஸை எங்கிருந்தோ இறக்கி, பெயரை மட்டும் மாற்றி அனுப்பியிருக்கிறார். மூன்றாவது பக்கத்தில் வேறு ஊர் வேட்டிக்கடையின் பெயர் அப்படியே இருந்தது. திருட்டைக் கண்டிக்கிற காகிதமே திருட்டு! பதிப்புரிமைச் சட்டத்தைப் பற்றி நாம் எழுதுகிற மனு ஒவ்வொன்றும் வேறொருவன் எழுதினது. அதற்கு யாரும் நம்மேல் வழக்குப் போடாததற்குக் காரணம், நாம் எல்லாரும் ஒரே ஆளிடமிருந்து திருடியிருக்கிறோம் என்பதுதான்.

சரி, கதைக்கு வருகிறேன். இனிமேல் கோர்ட்டுதான் வழி. இதில் ஒரு நல்ல காரியம், படைத்தவர் குடியிருக்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம் என்று பதிப்புரிமைச் சட்டம் இடம் கொடுக்கிறது. கம்பெனி எங்கே இருந்தாலும் தென்காசிக்கு வந்துதான் பதில் சொல்ல வேண்டும். வழக்குப் போட்டேன். முப்பிடாதியிடம் மூல வீடியோ இல்லை. போனில் இடம் போதாது என்று அவ்வப்போது அழித்துவிடுவார். ஆனால் இணையத்தில் போடுவதற்கு முன்னால் லாட்ஜ்காரர்கள் வாட்சப் குழுவில் தினமும் அனுப்புவது அவர் வழக்கம். அதெல்லாம் தேதியோடு, நேரத்தோடு அப்படியே கிடந்தது. நல்ல ஆதாரம். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

விசாரணைக்கு எதிர்த்தரப்பு வக்கீல் நேரில் வரவில்லை. சுவரில் மாட்டின திரையில் வந்தார். பின்னால் கண்ணாடி அலமாரி நிறையப் புத்தகம். குரல் வெண்ணெய் மாதிரி.

"மை லார்ட், வாதியம்மாவே தாக்கல் செஞ்ச பதில் எங்க கையில இருக்கு. தளம் எங்களுக்கு அனுப்பி வச்சது. ஒரு பத்தி மட்டும் படிக்கிறேன்" என்று சொல்லி, என் தமிழை அவர் வாயால் வாசித்தார். அருவி உள்ளது என்பதும், தண்ணீர் விழுந்தது என்பதும், பதிவேற்றினார் என்பதும். ஒவ்வொரு 'என்பதும்' வரும்போதும் ஒரு நிறுத்தம். வாசித்து முடித்து, "இந்தம்மா இந்த வீடியோவைப் பதிவேற்றவே இல்லைன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்காங்க. அப்புறம் எதுக்கு மை லார்ட் இந்த வழக்கு?" என்றார்.

கோர்ட்டு ஹாலில் சிரிப்பு. வெளியே சாரல் பெய்துகொண்டிருந்தது. நீதிபதி சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"வக்கீல் சார், முதலில் ஒன்று சொல்லுங்கள். ஐந்தருவி இருக்கிறதா, இல்லையா?"

நீங்கள் சொல்கிற கதை இந்தக் கேள்வியோடு முடிந்துவிடுகிறது. எல்லாரும் சிரித்தார்கள், சார் முழித்தார் என்று. முழித்தேன், உண்மைதான். ஆனால் முழித்த அந்தப் பத்து விநாடியில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது.

என் வாயில் ஒரு சொல் வந்து நின்றது. "கட்சிக்காரர் சொன்னபடி எழுதினேன்." நாலு சொல்கூட இல்லை. எத்தனையோ வக்கீல்களைக் காப்பாற்றிய சொல். அதைச் சொல்லிவிட்டால் நான் தப்பித்தேன். பார் கவுன்சிலுக்குப் புகார் போகாது, வக்கீல் சங்கத்தில் கேலி இருக்காது. ஹாலின் கடைசியில் முப்பிடாதி சுவரோரமாக நின்றிருந்தார். நான் அதைச் சொன்னால் அந்த அம்மா திருடி மட்டுமில்லை, பொய்க்குக் கையெழுத்துப் போட்டவரும் ஆவார். வழக்கு அங்கேயே முடிந்துவிடும். என்னைப் பெரிய மனுஷன் என்று நினைத்துவிடாதீர்கள், அந்தச் சொல் உதடு வரைக்கும் வந்தது. அதை விழுங்கினதும் தைரியத்தால் இல்லை. அந்த அம்மா என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார், அதனால்தான்.

"அருவி இருக்கிறது, கனம் நீதிபதி அவர்களே. தண்ணீரும் விழுந்தது. அதைப் படம்பிடித்தது என் கட்சிக்காரர்தான், பதிவேற்றியதும் அவர்தான். இந்தப் பத்தி அவருடைய வார்த்தை இல்லை, என்னுடையது. எல்லாவற்றையும் மறுக்கிற பழக்கதோஷத்தில் எழுதிவிட்டேன். கையெழுத்து வாங்கும்போது அவருக்குப் படித்துக் காட்டவில்லை."

மறுபடி சிரிப்பு எழுந்தது. ஆனால் முன்னைப்போல இல்லை, சீக்கிரமே அடங்கியது.

திரையில் இருந்தவர் விடவில்லை. "மை லார்ட், இப்போ மாட்டிக்கிட்டதால வசதிக்காகச் சொல்றார்."

நீதிபதி திரையைப் பார்த்தார். "நான் இந்த நாற்காலிக்கு வந்து வருஷங்கள் ஆயிற்று. ஒரு வக்கீல், தான் முட்டாள்தனம் செய்ததாக வசதிக்காகச் சொல்லி இதுவரை பார்த்ததில்லை." பிறகு என் பக்கம் திரும்பி, "இதைப் பிரமாண வாக்குமூலமாகக் கொடுப்பீர்களா?" என்றார். கொடுக்கிறேன் என்றேன். என் வாழ்க்கையில் நான் எழுதியதிலேயே சின்னக் காகிதம் அதுதான், அரைப் பக்கம். எழுதுவதற்கு ரொம்ப நேரம் பிடித்தது.

வெளியே வந்ததும், "எம்மா, இனி நான் உனக்கு வக்கீலா நிக்கது நல்லா இருக்காது. வேற ஆள் பாத்துத் தாரேன்" என்றேன்.

"நல்லாருக்கே நியாயம்! கெடுத்தது நீங்க. நீங்கதான் சரி பண்ணணும். எங்க ஓடப் பாக்கிய?"

ஓடவில்லை. லாட்ஜ் குழுவில் இருந்த வீடியோக்களை, மின்னணு ஆதாரத்துக்கு வேண்டிய சான்றிதழோடு தாக்கல் செய்தேன். கம்பெனியின் மூலப் பதிவைக் கொண்டு வாருங்கள் என்று கோர்ட்டு கேட்டது. ஒருவர் கதையை ஏழே நாளில் முடிக்கத் தெரிந்தவர்கள், தங்கள் மூலப் பதிவைக் காட்ட வாய்தா கேட்டார்கள். பிறகும் ஒரு வாய்தா. அந்த வெண்ணெய்க் குரலில் வாய்தா கேட்பதைக் கேட்க எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் நீங்கள் என்னைத் தப்பாக நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது முறை நீதிபதி வாய்தாவோடு சேர்த்து, சேனலைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி இடைக்கால உத்தரவும் போட்டார்.

ஜெயம்தான். ஆனால் உத்தரவு அந்தத் தளத்தில் யாருடைய மேஜைக்குப் போக வேண்டும் என்று கண்டுபிடிக்கவே நாள் ஆயிற்று. மேஜை ஏது, இயந்திரம்தானே. அழித்தது ஒரு நொடி, திரும்பி வந்தது ஆவணியும் கழிந்த பிறகு. அதற்குள் சாரல் போயிற்று, கூட்டம் போயிற்று. ஐந்தருவியில் பாறைதான் தெரிந்தது. லாட்ஜ்காரர்கள் வேறொரு பையனின் சேனலுக்கு மாறியிருந்தார்கள். அந்த வருஷ சீசன் முழுக்க முப்பிடாதி பழம்தான் விற்றார்.

கம்பெனிக்காரர்கள் கடைசியில் சமாதானத்துக்கு வந்தார்கள். மூன்று குற்றச்சாட்டையும் வாபஸ் வாங்குகிறோம், வீடியோக்களை எடுத்துவிடுகிறோம், அவை அந்த அம்மாவுடையவை என்று எழுதித் தருகிறோம், வழக்கை முடித்துக்கொள்ளலாம் என்றார்கள். முப்பிடாதியும் சரி என்றார். நான்தான் சமாதான மனுவை எழுதினேன். இரண்டே பக்கம். ஒவ்வொரு வரியையும் மூன்று தடவை சரிபார்த்தேன். எதையும் மறுக்கவில்லை. அருவி இருந்தது, தண்ணீர் இருந்தது, படம்பிடித்தவர் பெயர் இருந்தது. எனக்கே என்னைப் பற்றி ஒரு பெருமை.

வழக்கைக் கூப்பிடுகிற நேரம். கோர்ட்டு வராந்தாவில் எதிர்த்தரப்பின் உள்ளூர் வக்கீல் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். முப்பிடாதி பேனாவை வாங்கவில்லை. காகிதத்தை வாங்கி, வரிக்கு அடியில் விரலை ஓட்டிப் படிக்க ஆரம்பித்தார். முதல் பக்கம் முடிந்தது. இரண்டாவது பக்கத்தின் கடைசி வரியில் விரல் நின்றது.

"இது என்ன அண்ணாச்சி? 'இரு தரப்பினருக்கும் இடையே இனி எவ்வித மனத்தாங்கலும் இல்லை.'"

"அது வழக்கமா எழுதுததும்மா. எல்லாச் சமாதான மனுவுலயும் இருக்கும்."

"எனக்கு மனத்தாங்கல் இல்லன்னு நான் உங்ககிட்டச் சொன்னனா?"

"இல்ல."

"ஊரு ஒலகத்துக்கெல்லாம் என்னயத் திருடின்னானுவ. ஒரு சீசன் போச்சு. அருவிக்கரையில தலையக் குனிஞ்சு நடந்துருக்கேன். எனக்கு மனத்தாங்கல் இருக்கு. அன்னைக்கு நான் படம்பிடிக்கவே இல்லன்னு எழுதுனிய. இன்னைக்கு எனக்கு வருத்தமே இல்லன்னு எழுதுதிய. நான் சொல்லுதத எப்பதான் எழுதுவிய?"

உள்ளே வழக்கு எண்ணைக் கூப்பிட்டார்கள். அந்த உள்ளூர் வக்கீல், "சார், இது ஒரு ஃபார்மாலிட்டிதானே, போடச் சொல்லுங்க" என்றார். நான் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தேன். ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டேன். அவரையும் போட வைத்தேன். அதற்குப் பிறகுதான் முப்பிடாதி கையெழுத்துப் போட்டார்.

நீதிபதி அடித்த இடத்தைப் பார்த்தார். என்னைக் கேட்கவில்லை, நேராக அந்த அம்மாவைக் கேட்டார்.

"வழக்கை முடித்துக்கொள்ளச் சம்மதம்தானே அம்மா?"

"சம்மதம்யா. ஆனா மனத்தாங்கல் இருக்கு."

ஹாலில் யாரும் சிரிக்கவில்லை. நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். பிறகு சுருக்கெழுத்தாளரிடம், "வாதி, தனக்கு மனத்தாங்கல் உண்டு என்று தெரிவித்து, வழக்கை முடித்துக்கொள்ளச் சம்மதித்தார் என்று பதிவு செய்துகொள்ளுங்கள்" என்றார்.

பதிவு செய்தார்கள். முப்பத்தெட்டு வருஷம் நான் இந்தத் தொழிலில் இருந்தேன். என் கட்சிக்காரர் ஒருவர் தன் வாயால் சொன்னது, நான் கை வைக்காமல் அப்படியே கோர்ட்டுத் தீர்ப்பில் ஏறியது அந்த ஒரு தடவைதான்.